யாழ்ப்பாண நூதனசாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழித்துணை

நல்லூருக்கு வருகிறவர்கள் கந்தனைக் கும்பிடுவார்கள், வீதியைச் சுற்றுவார்கள், பிள்ளைகளோடு ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் நாவலர் வீதியில் தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து போனவர்களிலும் சிலர் கால் மணித்தியாலத்தில் வெளியே வந்து "பழைய சாமான் கொஞ்சம் கிடக்குது" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இடம் சிறியது. விளக்கப் பலகைகள் சுருக்கமானவை. கொழும்பு தேசிய நூதனசாலையையோ சென்னை எழும்பூரையோ மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் பார்க்கும் முறையை மாற்றினால் இதே இடத்தில் இரண்டு மணித்தியாலம் போதாது. ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று "இது என்ன?" என்று கேட்காமல் "இது எங்கே கிடைத்தது?" என்று கேளுங்கள். கந்தரோடை, ஆனைக்கோட்டை, வல்லிபுரம், அல்லைப்பிட்டி, கோட்டை என்று விடைகளாக வருகிற ஊர்கள் எல்லாம் சைக்கிளோ பஸ்ஸோ போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. நூதனசாலையில் தொடங்கி அந்த ஊர்களுக்குப் போய்ப் பார்க்கிற மாதிரி இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

நாளும் வழியும்

செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். மற்ற நாட்களில் காலையில் போவது நல்லது. வெளிச்சமும் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. போயா தினம், அரச விடுமுறை என்றால் முதல் நாளே யாரிடமாவது விசாரித்துவிடுங்கள்.

ஓட்டோக்காரரிடம் "நூதனசாலை" என்றால் சிலர் யோசிப்பார்கள். "நாவலர் கலாசார மண்டபம்" என்று சொல்லுங்கள், நேரே கொண்டுபோய் விடுவார். மண்டபத்துக்குப் பின்னால் வளவுக்குள் நடந்தால் நூதனசாலைக் கட்டடம் தெரியும். நல்லூர்க் கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆவணி மாதத்தை ஒட்டி வரும் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். அந்த நாட்களில் வருகிறவர்கள் சுற்றுவழியையும் நடையையும் கணக்கில் எடுங்கள்.

உள்ளே நிற்கும் உத்தியோகத்தரிடம் படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வணக்கம் சொல்லி, வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, ஐயா என்று கூப்பிட்டுக் கதைத்தால் பலகையில் எழுதாத விடயங்கள் பலவும் வாயால் வரும். குறிப்பாக "இது எந்த ஊரிலிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய வரிசை

நீண்ட வரலாற்றுப் பாடம் தேவையில்லை. காலவரிசை ஒன்று மனதில் இருந்தால் போதும், காணும் பொருளை அதில் எங்கே மாட்டுவது என்று விளங்கும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே குடாநாட்டில் மக்கள் குடியிருந்து, இரும்பு பாவித்து, கடல் வாணிபம் செய்தார்கள். கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் அந்தக் காலத்துக்குச் சாட்சி. பௌத்தமும் சைவமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்த நூற்றாண்டுகள் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டு அளவில் ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு எழுந்தது, நல்லூர் அதன் தலைநகராக விளங்கியது. 1619 இல் போர்த்துக்கேயர் சங்கிலி மன்னனைப் பிடித்து அரசை முடித்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1948 இல் போனார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கிடைத்த பெரிய பொருட்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இல்லை. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலை ஒன்றை 1906 இல் ஆளுநர் ஹென்றி பிளேக் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தே அனுப்பிவிட்டார். 1936 இல் அதே வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, அனுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்தில் நாகதீபத்தை (யாழ்ப்பாணப் பகுதியின் பழைய பெயர் என்பார்கள்) குறிப்பிடுவது, இலங்கை வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை பிடிக்கிற ஆவணம். அதையும் இங்கே தேடாதீர்கள். ஆனைக்கோட்டையில் எலும்புக்கூட்டோடு கிடைத்த, எழுத்துப் பொறித்த முத்திரையின் படம் ஒன்றையும் பொன்னேட்டின் படம் ஒன்றையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு போனால், உள்ளே பார்ப்பவற்றோடு ஒப்பிட உதவும்.

வாசலில் நிற்பவை

உள்ளே நுழையுமுன்பே கோட்டையிலிருந்து வந்த துருப்பிடித்த ஒல்லாந்தர் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும் உங்களை வரவேற்கும். பிள்ளைகள் திமிங்கில எலும்பில்தான் ஒட்டிக்கொள்வார்கள், விடுங்கள். பீரங்கியைப் பார்த்துவிட்டு, பின்னேரம் கோட்டைக்குப் போகும்போது அதை எந்தக் கொத்தளத்தில் வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஐங்கோண வடிவக் கோட்டையில் மூலைக்கு ஒரு கொத்தளம் உண்டு.

முதலில் கல்லைப் பாருங்கள்

உள்ளே போனதும் எல்லோரும் சிலையின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கல்லைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நூதனசாலையில் பாதி விளங்கிவிடும் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் கிடையாது. மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், கடலோரங்களில் முருகைக்கல். மழைநீர் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதால்தான் ஆறில்லாத இந்த ஊர் கிணற்றை நம்பி இவ்வளவு காலமும் தோட்டம் செய்தது. ஆக, இங்கே ஒரு சிலையோ தூணோ கடினமான கருங்கல்லில் இருந்தால், அது கடல் கடந்தோ வன்னிப் பக்கமிருந்தோ யாரோ செலவழித்துக் கொண்டுவந்த கல். யார் கொண்டுவந்தார்கள், எந்தக் கோயிலுக்கு, எந்த அரசனுடைய காலத்தில் என்று கேள்விகள் தாமாகவே வரும். வெள்ளையாக, துளைதுளையாக, மழையில் கரைந்த முகத்தோடு இருந்தால் அது இந்த மண்ணின் கல், இந்த ஊர்க் கைகள் செதுக்கியது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கந்தரோடையிலிருந்து வந்த தலையில்லாத புத்தர் உடல்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். அவற்றின் முன்னால் நிற்கும்போது சிலருக்கு முகம் சுருங்கும். இன்றைய அரசியலில் புத்தர் சிலை என்றால் காணிப் பிரச்சினை என்றாகிவிட்ட ஊரில் அது இயல்புதான். ஆனாலும் தமிழர்களுக்குள்ளே பௌத்தர்கள் இருந்தார்கள். சோழ மன்னர் காலத்திலேயே நாகபட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சத்தைக் கண்டதும் "இது எங்களுடையதில்லை" என்று நாமே தள்ளிவிடுவதும், "இங்கே தமிழர் இருந்ததேயில்லை" என்று மற்றவர் எழுதுவதும் கடைசியில் ஒரே கணக்கில்தான் முடிகின்றன. கூட வரும் பிள்ளைகள் இதைப்பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பானை ஓட்டில் நேரம் செலவழியுங்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் உடைந்த ஓடுகளைத் தாண்டிப் போவதுதான் வழமை. தொல்லியல்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அவற்றைத்தான். பொன்னையும் வெண்கலத்தையும் மனிதர் உருக்கித் திரும்பப் பாவித்துவிடுவார்கள். உடைந்த சட்டி யாருக்கும் பயனில்லை, அதனால் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

மூன்று வகைகளை அடையாளம் காணப் பழகுங்கள்.

கறுப்பு சிவப்பு மட்பாண்டம்: ஓட்டின் உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரண்டு நிறமும் பூச்சு அல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையில் சுடும்போது உள்ளே காற்றுப் போகாத இடம் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமக்குழிகளில் நிறையக் கிடைக்கும் பாண்டம் இது. அதே வகை ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் கிடைத்தது என்பதில்தான் முக்கியத்துவம் இருக்கிறது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே விதமாக இறந்தவர்களை அடக்கம் செய்த மக்கள் இருந்திருக்கிறார்கள்.

ரூலெட் மட்பாண்டம்: மெல்லிய, வழவழப்பான சாம்பல் அல்லது கறுப்புத் தட்டு. உட்புற அடித்தளத்தில் நுண்ணிய கொத்துகள் வட்டம் வட்டமாக ஓடும். 1945 இல் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இதை உரோமாபுரிச் சரக்கு என்று கருதினார்கள். பிற்காலத்தில் களிமண்ணை ஆராய்ந்தபோது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்ற முடிவு வலுத்தது. கந்தரோடையில் இது கிடைத்திருப்பதால் அந்தக் கடல் வாணிபச் சங்கிலியில் யாழ்ப்பாணமும் ஒரு கண்ணி என்று தெரிகிறது.

மூன்றாவது சீனப் பீங்கான். பளபளப்பான பூச்சு, தட்டினால் கணீரென்ற சத்தம் (தட்டிப் பார்க்காதீர்கள்). 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில் உள்ள அல்லைப்பிட்டியில் சொங் வம்சக் காலத்துப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார். மீன் வாங்கப் போகிற அல்லைப்பிட்டிக் கரையில் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன் சீனத்துச் சரக்கு இறங்கியிருக்கிறது.

காசுப் பெட்டி

காசுகள் சிறியவை, துருவேறியவை. கைபேசியின் உருப்பெருக்கியைப் பாவியுங்கள். நீங்கள் தேட வேண்டியது சேது நாணயம். ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசு, ஒருபுறம் மனித உருவம், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் "சேது". இராமேசுவரத்துச் சேதுவுக்குக் காவலர் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அரசர்கள் அவர்கள். யாழ்ப்பாண அரசு ஒன்று இருந்ததற்குக் கையில் ஏந்தக்கூடிய சான்று கேட்டால் இந்தக் காசைக் காட்டலாம்.

அதற்கும் முந்திய காலத்துக்கு, சதுரமாக வெட்டிய வெள்ளியில் சின்னச் சின்ன அடையாளங்கள் குத்திய காசுகளையும், நின்ற கோலத்தில் திருமகளும் இருபுறமும் யானைகளும் தெரியும் நீள்சதுரத் தகடுகளையும் பாருங்கள். கந்தரோடையில் இரண்டும் கிடைத்திருக்கின்றன. ஒல்லாந்தர் காசில் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை பின்னிப் பிணைந்து கிடக்கும், பழகினால் எளிதில் பிடிபடும்.

மற்றவை

மரச் சிற்பங்கள், பல்லக்கு, பழைய வீட்டுப் பாவனைப் பொருட்கள் எல்லாம் உண்டு. உங்களோடு அம்மம்மாவோ அப்பப்பாவோ வந்தால் இந்தப் பகுதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். எதில் நெல் அளந்தது, எதில் பாக்கு வெட்டியது என்று அவர்கள் சொல்கிற அளவுக்கு எந்தப் பலகையும் சொல்லாது. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஏழு வாய் வைத்த இசைக்குடம் ஒன்று இருக்கிறது, 1845 ஆம் ஆண்டுக்குரியது, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எப்படி வாசித்திருப்பார்கள் என்று அவர்கள் சண்டை பிடிக்கட்டும்.

நூதனசாலைக்கு வெளியே: கந்தரோடை

அதே நாளில் முடியாவிட்டால் அடுத்த நாள் காலையில் கந்தரோடைக்குப் போங்கள். நகரத்திலிருந்து வடக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர். சுன்னாகம் வரை பஸ், அங்கிருந்து ஓட்டோ. சைக்கிள் ஓடக்கூடியவர்களுக்குத் தோட்டங்களும் பனைகளும் நிறைந்த நல்ல பாதை.

நீதிபதியாக இங்கே வந்த போல் ஈ. பீரிஸ் என்பவர்தான் முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த இடத்தை ஆராய்ந்து ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அகழ்ந்தார்கள். இன்று போனால் ஒரு வளவுக்குள் ஆள் உயரத்துக்கும் அதற்குக் கூடவும் குறையவுமாகச் சின்னத் தாதுகோபங்கள் கூட்டமாக நிற்கும். அனுராதபுரத்துப் பெரிய தாகபைகளைக் கண்ட கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். இப்போது முழு உருவில் தெரிபவற்றில் பல, அத்திவாரங்களின் மேல் தொல்பொருள் திணைக்களம் புனரமைத்தவை என்பதை மனதில் வையுங்கள். இறந்த பிக்குகளின் அஸ்தி வைத்த சின்னங்கள் என்று ஒரு சாராரும், நேர்த்திக்காகக் கட்டியவை என்று இன்னொரு சாராரும் சொல்வதுண்டு. கல்லைத் தடவிப் பாருங்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் தொடக்கூடாது, ஏறக்கூடாது. கிட்டப்போய்ப் பார்த்தாலே அந்தத் துளைதுளையான கல் தெரியும். நூதனசாலையில் பார்த்த புத்தர் உடலை நினைத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்துக் கழற்ற வேண்டிய இடம், காவலுக்கு நிற்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அங்கே தர்க்கம் பண்ணுவதில் பயனில்லை.

ஆனைக்கோட்டையில் அப்படிப் பார்க்க ஒன்றும் கட்டி வைக்கவில்லை. 1980 ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி குழுவினர் அங்கே பெருங்கற்கால ஈமப் புதைவை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை கிடைத்தது. கீழ்வரிசையில் மூன்று பிராமி எழுத்து, "கோவேத" என்று வாசித்தார்கள், மேல்வரிசையில் மூன்று குறியீடு. கோ என்பது அரசனையோ தலைவனையோ குறிக்கும் என்பது அவர்கள் விளக்கம். மானிப்பாய்ப் பக்கம் போகும்போது ஆனைக்கோட்டைச் சந்தியைக் கடந்தால் அந்தப் படத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நல்லூரைச் சுற்றி

நூதனசாலை நாளிலேயே செய்யக்கூடிய நடை இது. முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலை குதிரையில் நிற்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள கிறித்தவத் தேவாலயம் இருக்கும் இடத்தில்தான் பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது என்பார்கள். 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா அதை இடித்தான். இன்று நாம் கும்பிடும் கோயில் 1734 இல் எழுந்தது. பருத்தித்துறை வீதியோரமாக நடந்தால் சங்கிலியன் தோப்பு வாயிலும் மந்திரி மனையும் வரும். யமுனா ஏரி என்ற பகர வடிவக் கேணி கொஞ்சம் உள்ளே.

இங்கேயும் கண்ணைத் திறந்து வையுங்கள். மந்திரி மனையின் வளைவுகளிலும் தூண்களிலும் ஐரோப்பியக் கட்டடப் பாணி பளிச்சென்று தெரியும். சங்கிலியன் காலத்து மாளிகை அப்படியே நிற்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அரசிருக்கை இருந்த நிலம் என்பது வேறு, இன்று நிற்கும் சுவர் எந்தக் காலத்தது என்பது வேறு. கட்டடம் மிகவும் பழுதாகிவிட்டது, மழைக்காலத்தில் கிட்டப் போகாதீர்கள், எந்தக் காலத்திலும் உள்ளே ஏறாதீர்கள்.

நடையைக் கோயிலில் முடிக்கலாம். நல்லூரில் மணி அடித்தால் பூசை, நேரம் பிந்துவதில்லை. நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும்.

இன்னும் ஒரு நாள் இருப்பவர்களுக்கு இரண்டு தெரிவு. சிறுபிள்ளைகளோடு வந்தவர்கள் நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை அமைத்த அரும்பொருட் காட்சியகத்துக்குப் போங்கள், 2020 இல் திறந்தது. பழைய யாழ்ப்பாண வாழ்க்கையைக் காட்டுவதில் அது நூதனசாலையைவிடத் தாராளமானது. கல்வெட்டுப் பிரியர்கள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனம் உண்டு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) இறங்க வேண்டும், யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று விதி சொல்கிறது. சிங்கள மன்னன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டியிருக்கிறான்.

உங்கள் வளவில் ஏதும் கிடைத்தால்

வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு இது. அத்திவாரம் தோண்டும்போது ஓடு, காசு, எலும்பு, செதுக்கிய கல் வந்தால் வேலையை நிறுத்துங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அனுமதியின்றிப் புராதனப் பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம், பயணப் பையில் "ஞாபகத்துக்கு" ஒரு காசு வைப்பதும் அதில் அடங்கும். பொருளை அசைக்குமுன் அது கிடந்த நிலையில் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கோ, கிராம அலுவலர் மூலமாகவோ சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினரிடமும் கேட்கலாம்.

அலுமாரிக்குள் ஏட்டுச்சுவடிக் கட்டு இருந்தால் நீங்களாகக் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம், நூலை அவிழ்த்து வரிசையைக் குழப்பவும் வேண்டாம். பழைய ஆவணங்களை மின்வடிவமாக்கும் நூலக நிறுவனம் போன்றவர்களைத் தொடர்புகொள்ளுங்கள். கட்டின் மேல் ஒரு கடதாசியில் எந்த வீட்டுச் சுவடி, யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர் என்ற மூன்றையும் எழுதிக் கட்டி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறி ஓலையில் இறங்கிவிடும்.